நேகியின் பங்குக் காய்கள்

1. திரும்பி வந்த நேவி ப்ளூ

டையிங்குக்குப் போன துணி சாயம் ஏறியதும் சுருக்கமெடுத்துத் தேய்க்கும் காலண்டரிங்குக்குப் போக வேண்டும். அங்கே போகாமல் டெம்போ நேராக நிட்டிங் செக்‌ஷன் வாசலுக்கே திரும்பி வந்தால், யார் தலையோ உருளப் போகிறது என்று அர்த்தம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், திருப்பூர் வேலம்பாளையத்தில் நான் நிட்டிங் சூப்பர்வைசராக இருந்த பனியன் கம்பெனிக்கு அப்படி ஒரு டெம்போ வந்தது. உள்ளே நேவி ப்ளூ துணி. விரித்துப் பார்த்தால் நீலத்தில் கடுகு கடுகாக வெள்ளைப் புள்ளிகள். இறைத்துவிட்ட மாதிரி இருந்தது.

டெம்போவோடு டையிங் மாஸ்டர் ரங்கனும் வந்திருந்தார். இறங்கும்போதே பேச்சைத் தயாராக வைத்திருந்தார்.

"கந்தசாமிண்ணா, சாயத்துல குத்தமில்லீங்க. உங்க கிரே துணியில என்னமோ ஒட்டீட்டு இருக்குதுங்க. அது ஒட்டுன எடத்துல சாயம் ஏறுல. அதுக்கு நானென்ன பண்றதுங்க?"

கிரே துணி என்பது மெஷினில் பின்னி இறக்கிய, சாயம் காணாத துணி. அதைப் பின்னுவது நாங்கள். அதாவது குற்றவாளி நான் என்று ரங்கன் மரியாதையாகச் சொல்லிவிட்டார். கொங்கு நாட்டில் திட்டுவதற்கும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள்.

முதலாளி ஆறுமுகம் வெளியே வந்து துணியைப் பார்த்தார். அந்த டையிங் யூனிட் அவர் மச்சானுடையது. அந்தப் பக்கம் குற்றத்தைத் தள்ளினால் அவர் வீட்டில் சோறு பொங்காது. எனவே இந்தப் பக்கம்தான் பார்ப்பார் என்று எனக்கு அப்போதே தெரியும்.

"இங்க பாருங்க கந்தசாமி. அடுத்த லாட்டும் இதே பார்ட்டிக்கு, இதே கலரு. அதுலயும் புள்ளி வந்துச்சுன்னா மெஷினையெல்லாம் வித்துப்போட்டு நிட்டிங்க வெளிய ஜாப் ஒர்க்குக்குக் குடுத்துருவேன். எனக்கு வேற வழியில்லீங்க."

சத்தம் போடாமல்தான் சொன்னார். அதனால்தான் பயமாக இருந்தது. ஜாப் ஒர்க் என்றால் யாரோ ஒருவர் ஷெட்டில் யாரோ பின்னுவார்கள். எங்கள் செக்‌ஷனில் இருந்த அத்தனை பேரும் போனஸ் வாங்கிய கையோடு வேறு இடம் தேட வேண்டும். அடுத்த லாட் ஏற்கனவே மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது.

2. பூதக்கண்ணாடி

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சோமனூரில் தறிக்குடும்பம் எங்களுடையது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பதைத் தவிர வேறு எதற்கும் தறியை நிறுத்தாத வீடு. நூல் வியாபாரி எடையில் ஏமாற்றுவான், துணி வாங்குகிறவன் அளவில் ஏமாற்றுவான் என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவன். சந்தேகம் எனக்குத் தாய்ப்பாலோடு வந்தது. திருப்பூரில் அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

துணியில் இழை எண்ணும் சின்ன மடக்குக் கண்ணாடி ஒன்று எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். கேன்டீன் வடையைக்கூட அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தின்பேன் என்று செக்‌ஷனில் கேலி பேசுவார்கள். என் காதுபடவே 'பூதக்கண்ணாடி' என்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. வடையில் ஒருமுறை ஊசி முனை இருந்தது, அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

புள்ளி விஷயத்தில் எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். நூல் ஏஜெண்ட் கழிவு நூலைக் கலந்திருப்பார். ரங்கன் சாயத்தைச் சரியாகக் கரைக்காமல் ஊற்றிவிட்டு என் மேல் பழி போடுகிறார். முதலாளியும் மச்சானும் சேர்ந்து நிட்டிங்கை மூடுவதற்கே இதைச் செய்கிறார்கள் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் புள்ளி தெரிந்தது. என் மனைவி தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, "இங்க யாரும் சாயம் போடுலீங்க, திங்கறதானா தின்னுங்க" என்றாள்.

கோபம் தணிந்த பிறகு முறையாகப் பார்க்க ஆரம்பித்தேன். கிரே ரோல்களைப் பிரித்துப் போட்டு ஒவ்வொன்றாகக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெறும் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் பூச்சாகச் சில இடங்களில் ஏதோ இருந்தது. விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. மெஷின் எண்ணெய் இப்படி ஒட்டாது. நூலுக்குப் போடும் மெழுகும் இப்படி ஒட்டாது.

இரண்டு விஷயம் பிடிபட்டது. ரோலின் வெளிச்சுற்றில் மட்டும்தான் பிசுக்கு, உள்சுற்று சுத்தம். மெஷின் கோளாறாக இருந்தால் முதலிலிருந்து கடைசி வரை வர வேண்டும். ஆகவே பின்னி முடித்த பிறகு, குடோனில் கிடக்கும்போது மேலிருந்து ஏதோ விழுகிறது. இன்னொன்று, வெள்ளைக்கும் லைட் கலருக்கும் போன ரோல்களில் புகாரே இல்லை. அவற்றை பிளீச்சிங்கில் காஸ்டிக் சோடா போட்டு வேக வைப்பார்கள், அதில் பிசுக்கு கரைந்துவிடும். டார்க் கலருக்கு அந்த நாளில் ரங்கன் போன்றவர்கள் சோப்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிவிட்டு நேராகச் சாயத்தில் இறக்கிவிடுவார்கள். அப்படியென்றால் பாதிக் குற்றம் அவருடையது. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

மீதிப் பாதிதான் கஷ்டமாக இருந்தது. பிசுக்கை முகர்ந்து பார்த்தேன். சாம்பிராணி வாசனை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முதலாளியின் அம்மா தூபக்காலோடு வந்து குடோன் வரைக்கும் புகை போட்டுவிட்டுப் போவார். அதை நான் முதலாளியிடம் எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்துத் தொடங்கினேன்.

"ஏனுங்க, இந்தக் குடோன்ல வெள்ளிக்கெழம..."

"எங்கம்மா போடற சாம்பிராணியவா சொல்றீங்க?"

"சேச்சே, இல்லீங்க. பல்லி கில்லி இருக்குதான்னு கேக்க வந்தனுங்க."

புகை சொட்டாது என்பது எனக்கு வாசலைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது.

3. வாயில் எதையோ மெல்லும் ஃபிட்டர்

அந்த வாசனையை வேறு எங்கோ முகர்ந்திருக்கிறேன் என்று மண்டைக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் ஒரு மெஷின் நின்றுவிட்டது. ஊசி மாற்ற ஃபிட்டர் நேகி வந்து என் பக்கத்தில் குனிந்தான். அவன் சட்டையிலிருந்து அதே வாசனை வந்தது.

முதலாளி பஞ்சாபில் லூதியானாவில் மெஷின் வாங்கியபோது நேகியைக் கூடவே அனுப்பினார்கள். மெஷினை நிறுத்திக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியவன், எங்களிடமே தங்கிவிட்டான். சொந்த ஊர் லூதியானா இல்லை, அதற்கும் வடக்கே இமயமலைக்குள் எங்கோ ஒரு கிராமம். சிவந்த முகம், சின்னக் கண், அதிகம் பேசாதவன். எங்கள் ஆட்களிடம் தமிழ் கற்றுக்கொண்டதால் மெஷினுக்குக்கூட மரியாதை கொடுப்பான். "மெஷின் நின்னுட்டாருங்க" என்பான். அந்த லூதியானா மெஷினில் நூலை இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் அவன் கைக்கு மட்டும்தான் கேட்கும். வேறு யார் தொட்டாலும் துணி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும்.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. வேலை நேரத்தில் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து முன்பல்லில் கடிப்பான், மெல்லுவான், தோலை மறுபடி பையிலேயே போட்டுக்கொள்வான். கஞ்சாவோ அபினியோ என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம். ஒருமுறை கையில் வைத்து நீட்டினான். நீளமான பழுப்பு நிறக் கொட்டை, பேரீச்சங்கொட்டையை இழைத்து மெலிதாக்கியது போல் இருந்தது. "வேண்டாமப்பா" என்று விலகிவிட்டேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாரும் கேன்டீனுக்குப் போனால் அவன் மட்டும் குடோன் பக்கம் போவதையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது எல்லாம் சேர்ந்து ஒரு கதையாகிவிட்டது. லூதியானாவும் பனியன் ஊர்தான், எங்களுக்குப் போட்டி ஊர். அங்கிருந்து ஒருவன் வருகிறான். திரும்பிப் போகாமல் தங்குகிறான். எங்கள் துணியில் மருந்து தெளிக்கிறான். இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்? அன்று மதியம் நான் சாப்பிடப் போகவில்லை.

4. ஓட்டின் மேல்

எங்கள் குடோன் ஒரு பழைய ஓட்டுச் சாய்ப்பு. பக்கத்தில் மாடிக்கு ஏறும் இரும்பு ஏணி. நேகி ஏறிப் போனதும் நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்னால் ஏறினேன்.

அந்த வருடம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. வெயில் சித்திரை மாதிரி அடித்தது. ஓட்டின் மேல் கோணிச் சாக்கை விரித்து, அதன் மேல் பெரிய பெரிய காய்களைப் பரப்பியிருந்தான். அன்னாசிப்பழத்தைச் சின்னதாக்கி, மரத்தில் செதுக்கி, பச்சை வார்னிஷ் அடித்தது போன்ற காய்கள். செதில் செதிலாக இருந்தன. சில காய்களில் செதில்கள் விரியத் தொடங்கியிருந்தன, அந்த இடுக்குகளில் அவன் மெல்லும் கொட்டைகள் ஜோடி ஜோடியாகத் தெரிந்தன. எல்லாக் காய்களிலும் பிசின். வெயிலில் இளகி, சாக்கை நனைத்து, சூடான ஓட்டில் வழிந்து, இரண்டு ஓடுகள் சேரும் இடத்தில் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே என் ரோல்கள்.

"நேகி!"

அவன் துள்ளி எழுந்தான். திருடனாக இருந்தால் ஓடியிருப்பான். இவன் காய்களுக்கும் எனக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"எடுக்காதீங்க அண்ணா. இது என் பங்குங்க."

"உன்ற பங்கு கீழ துணியில சொட்டுதப்பா! வந்து பாரு!"

குடோனுக்குள் இழுத்துக்கொண்டு போய் மேலே காட்டினேன். ஓட்டு இடுக்கில் தேன் துளி மாதிரி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கண் முன்னாலேயே நீண்டு, அறுந்து, ரோலின் மேல் விழுந்தது. நேகி அதைத் தொட்டுப் பார்த்தான், முகர்ந்தான். பிறகு அப்படியே ரோலின் மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"எங்க ஊர்ல கூரை மேலதாங்க காய வெப்போம்" என்றான். "அங்க கீழ துணி இல்லீங்களே."

அந்த ஒரு வார்த்தையில் என் லூதியானா சதிக் கதை மொத்தமும் போய்விட்டது. எனக்கு நிம்மதியும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது.

5. மூடிய காய்

கொட்டையாகவே அனுப்பச் சொல்லாமல் ஏன் இந்தப் பெரிய காய்களை அவ்வளவு தூரம் லாரியில் வரவழைக்கிறாய் என்று கேட்டேன். அவன் பதில் சொல்லச் சொல்ல, சந்தேகத்தில் எனக்கு ஒரு குருநாதர் கிடைத்துவிட்டார் என்று தெரிந்தது.

அது ஒரு வகைப் பைன் மரம். கொட்டைக்குப் பெயர் சில்கோசா. எப்போதும் பச்சையாக, இலைக்குப் பதில் ஊசி ஊசியாக நிற்கும். அவன் ஊருக்கு இந்தப் பக்கத்து மலையோடு மழை நின்றுவிடுமாம். அந்தப் பக்கம் காய்ந்த காற்று, கல், குளிர்காலத்தில் பனி. அந்த இடத்தில்தான் பாறை வெடிப்பில் வேர் விட்டு இது வளருமாம். நல்ல மண்ணும் தண்ணீரும் கொடுத்தால் பிடிக்காது. யாரும் நடுவதில்லை, நட்டாலும் நட்டவன் தின்ன முடியாது, பேரன்தான் தின்பான். காய் பிடித்து முற்ற இரண்டு கோடை வேண்டும். அதுவும் எல்லா வருடமும் நன்றாகக் காய்க்காது.

மலைச்சரிவில் ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை மரம் என்று பங்கு உண்டு. நேகியின் அப்பா போன பிறகு அந்த மரங்கள் அவனுக்கும் அவன் அண்ணனுக்கும் பொது. காய் பறிப்பது அண்ணன். நீளமான கழியில் கொக்கி கட்டி, சரிவில் கால் வழுக்காமல் நின்று பறிக்க வேண்டும்.

"மொதல்ல கொட்டையாத்தாங்க அனுப்புனார்" என்றான் நேகி. "ஒரு வருசம் பாத்தா எல்லாம் சுருங்கின கொட்டைங்க. உள்ள பருப்பே இல்லீங்க. நல்லது அவர் வித்துட்டார், கெட்டது எனக்குங்க. அதனால காயா அனுப்புன்னு சொல்லிட்டேன். மூடின காய் பொய் சொல்லாதுங்க."

உள்ளிருந்து ஒரு கொட்டையைக்கூட யாரும் எடுக்க முடியாது. அண்ணனாலும் முடியாது, லாரிக்காரனாலும் முடியாது. அதற்காக இமயமலையிலிருந்து லூதியானாவுக்கு, அங்கிருந்து ஸ்பேர் பார்ட்ஸ் வரும் லாரியில் திருப்பூருக்கு, பிசின் ஒழுக ஒழுக மூட்டை வந்துகொண்டிருந்தது. முந்தைய வருடங்களில் மழையால் அவற்றைக் கம்பெனி காம்பவுண்டுக்குள் இருந்த தன் ரூமுக்குள்ளேயே காய வைத்திருக்கிறான். இந்த வருட வெயிலைப் பார்த்ததும் ஓட்டுக்கு ஆசைப்பட்டுவிட்டான்.

அண்ணன் தம்பிக்குள் இருந்த அவநம்பிக்கைதான் மூட்டை கட்டி வந்து என் நேவி ப்ளூவில் சொட்டியிருக்கிறது. அதற்காக ரங்கன் முன்னால் நான் கைகட்டி நின்றிருக்கிறேன்.

6. முதலாளியின் நிபந்தனை

சொல்லாமல் இருக்க முடியாது. முதலாளியிடம் சொன்னேன். பிசின் தடவிய கிரே துண்டு ஒன்றை ரங்கனிடம் கொடுத்துச் சாயம் போட வைத்து, புள்ளியையும் காட்டினேன். கூடவே, வேக வைத்து எடுத்த துண்டில் புள்ளி இல்லை என்பதையும் காட்டினேன். ரங்கன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி நேகியைக் கூப்பிட்டார். அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். நேகியும் அப்படியே நினைத்துப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு வந்திருந்தான்.

"ஏம்ப்பா நேகி, உன்னைய விட்டா அந்த மெஷினத் தொட ஆளில்ல. அது எனக்குந் தெரியும், உனக்குந் தெரியும். ஆனா இனிமே காயி இந்தக் காம்பவுண்டுக்குள்ள வரப்படாது. கொட்டையா வேணும்னா வரட்டும். இல்லீன்னா நீ வேற கம்பெனி பாத்துக்க."

"கொட்டையா வந்தா அண்ணன் ஏமாத்துவாருங்க."

"அது உங்க ஊட்டு விசயம். நான் அதுக்குள்ள வர முடியாது."

"ஒரு வருசம் பாக்கறேங்க" என்றான் நேகி. "கொறச்சு அனுப்பினார்னா நான் ஊருக்குப் போயிருவேங்க. மரத்தடியிலயே உக்காந்துக்குவேங்க." சும்மா சொல்கிறவன் இல்லை அவன்.

மெஷினில் ஓடிய அந்த அடுத்த லாட்டைக் காப்பாற்றியதும் அவன்தான். செக்‌ஷன் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு ரோலின் வெளிச்சுற்றையும் தேடி, பிசின் பட்ட இடத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கசக்கினோம். மண்ணெண்ணெய்க்கு முன்னால் துளி கடலை எண்ணெய் வைத்து ஊறவிட்டால் பிசின் சீக்கிரம் விடும் என்று அவன் காட்டினான். அவர்கள் ஊரில் காய் உடைத்த கையை அப்படித்தான் கழுவுவார்களாம். ரங்கன் இந்த முறை டார்க் கலரையும் வேக வைத்தார். புள்ளி இல்லாமல் துணி போனது. நிட்டிங் செக்‌ஷன் பிழைத்தது. அன்றிலிருந்து ரோல் இறங்கியதும் பாலிதீன் உறை போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன். முதலாளி அதைச் செலவு என்றார், ஆனால் நிறுத்தவில்லை.

வேலை முடிந்த அன்று நேகி விரிந்த காய்களைத் தட்டிக் கொட்டையெல்லாம் எடுத்து, கேன்டீன் வாணலியில் மணல் போட்டு வறுத்தான். நுனியில் கடித்துத் தோலை உரித்தால் வெள்ளையாக ஒரு பருப்பு. முந்திரியின் வெண்ணெய்ப் பதமும் கொப்பரையின் இனிப்பும் கலந்து, கடைசியில் லேசாக மரவாசனை அடித்தது. நான் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தின்றேன், ஆனால் தின்றுகொண்டே இருந்தேன். அவர்கள் ஊரில் பனிக்காலத்தில் உப்புப் போட்ட டீயோடு இதைக் கொறிப்பார்களாம். விருந்தாளிக்கும் கல்யாண மாப்பிள்ளைக்கும் இதையே மாலையாகக் கோத்துப் போடுவார்களாம். முதலாளி வீட்டில் முந்திரிக்குப் பதில் பாயசத்தில் போட்டதாகக் கேள்விப்பட்டேன். தாராளமாகத்தான் கொடுத்தான்.

முதலாளிக்கு ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது. "நம்ம குண்டடம் தோட்டத்துல வெச்சா வருமாப்பா? அங்கயுந்தான் மழையே இல்ல" என்றார். மழை இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, பனி வேண்டும், உயரம் வேண்டும் என்று நேகி சொன்னான். முதலாளி கேட்கவில்லை. அவனிடமே வறுக்காத கொட்டை வாங்கிக்கொண்டு போய் விதைத்தார். சிலது முளைத்தன, பச்சை ஊசிகள் நட்சத்திரம் போல விரிந்தன. முதலாளி வைத்த செடி என்று தோட்டத்து ஆட்கள் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார்கள். வேர் அழுகி எல்லாம் சாய்ந்துவிட்டன. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்க கந்தசாமி, அவன் வேணும்னே சொத்தக் கொட்டையாப் பாத்துக் குடுத்திருப்பானோ?" என்று கேட்டார். இந்த வியாதி எனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்து ஆறுதலாக இருந்தது.

7. தைத்து வந்த பை

அடுத்த வருடம் அதே நாட்களில் லூதியானா லாரி வந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் பெட்டியோடு ஒரு துணிப்பை. வாயைக் கம்பளி நூலால் கையாலேயே தைத்து அனுப்பியிருந்தார் அண்ணன்.

நேகி அதைப் பிரிக்கவில்லை. கையில் தூக்கிப் பார்த்தான், கீழே வைத்தான், மறுபடி தூக்கினான். பிறகு என் மேசைக்குக் கொண்டுவந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா, லேசா இருக்குதுங்க."

"போன வருசம் காயோட வந்துச்சு. காயோட கனம் இதுல இருக்குமா?"

"தெரியலீங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க. உங்க கண்ணாடில பாருங்க. நடுவுல யாராச்சும் பிரிச்சிருக்காங்களாங்க? பிரிச்சிருந்தா நான் சாயங்கால ரயில்ல போயிருவேங்க. இந்த தடவ அண்ணனோட பேச்சு இல்லீங்க. பஞ்சாயத்துதாங்க, பாகம்தாங்க."

யாரையும் நம்பாதவன் என்னை நம்புகிறான். எதற்காக? நானும் யாரையும் நம்பாதவன் என்பதற்காக. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவன் போய்விட்டால் மெஷின் நிற்கும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு வீடு இரண்டாகப் போகிறது, அதற்கு என்னிடம் கையெழுத்து கேட்கிறான்.

கண்ணாடியை விரித்துத் தையலின் மேல் வைத்தேன்.

துணி என்னிடம் எதையும் மறைத்தது இல்லை. தையலுக்குப் பக்கத்திலேயே, ஒரு நூல் அகலம் தள்ளி, வரிசையாக வெறும் ஊசி ஓட்டைகள். ஒரு ஓட்டையில் வேறு நிறத்தில் ஒரு இணுக்கு நூல் சிக்கியிருந்தது. ஒருமுறை தைத்த பையைப் பிரித்து, மறுபடி தைத்திருக்கிறார்கள். சந்தேகத்துக்கே இடமில்லை.

யார்? லாரிக்காரனாக இருக்கலாம். லூதியானாவில் வைத்திருந்தவராக இருக்கலாம். அண்ணனாகவே இருக்கலாம். எடுப்பதற்காகப் பிரித்திருக்கலாம். தம்பிக்கு இன்னும் ஒரு கை போடலாம் என்று தோன்றியும் பிரித்திருக்கலாம். என் கண்ணாடியில் ஓட்டை தெரியும். அதை ஏன் பிரித்தார்கள் என்பது தெரியாது. இத்தனை வருடம் நான் ஓட்டையைப் பார்த்ததும் காரணத்தையும் சேர்த்தே பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். லூதியானா சதியைக்கூட அப்படித்தான் பார்த்தேன்.

கண்ணாடியை மடக்கினேன்.

"ஒரே தையல்தானப்பா. யாரும் பிரிக்கல."

"நல்லாப் பாத்தீங்களாங்க?"

"என்னையவே சந்தேகப்படறயா?"

அவன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததைப் பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்து பையைப் பிரித்து முதல் கொட்டையைக் கடித்தான். பருப்பு நிறைந்திருந்தது. இரண்டாவது எனக்கு. சாயங்கால ரயில் அவன் இல்லாமல் போனது.

செக்கிங்கில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். துணியைச் சந்தேகப்படுங்கள், விடாமல் சந்தேகப்படுங்கள். வெளிச்சுற்றில் கறை இருந்தால் குடோனைப் பாருங்கள், ரோலுக்கு உறை போடுங்கள், டார்க் கலராக இருந்தாலும் வேக வைக்கச் சொல்லுங்கள். ஆனால் கண்ணாடியில் தெரிகிறவரைக்கும்தான் நம் வேலை. அதற்கு மேல் நம் மூளை போடுகிற சாயம்.

அதற்கடுத்த வருடம் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நேகி லீவு போட்டு ஊருக்குப் போனான். திரும்பி வந்த அன்று காலையில் நேராக என் மேசைக்கு வந்து, தோளில் தொங்கிய பையிலிருந்து நீளமாக ஒரு மாலையை எடுத்து என் கழுத்தில் போட்டான். முழுக்கச் சில்கோசாக் கொட்டை, ஒவ்வொன்றாக ஊசியில் கோத்தது.

"எங்க அண்ணன் கோத்ததுங்க. பை பாத்த அண்ணனுக்குன்னு சொல்லிக் குடுத்தாருங்க."

செக்‌ஷனில் எல்லாரும் கைதட்டினார்கள். "பூதக்கண்ணாடி, சொத்தை இருக்குதான்னு பாத்துட்டுத் தின்னுங்க" என்று யாரோ கத்தினார்கள். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.